படியும் விசையும்

எத்தொழிலுக்கும் ஒரு முறை உண்டு. உழுதபின் விதைத்தலும், விதைத்தபின் நீர் பாய்ச்சுதலும், விளைந்தபின் அறுத்தலும் உழவின் முறை. முன்னது முற்றாதிருக்கப் பின்னதைத் தொடங்குவோமாயின் உழைப்பு முழுவதும் வீணாகும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நிலைகளைப் படிகள் என்று கூறுவோம். ஒரு படி முடிந்ததும், "முடிந்தது, இனி அடுத்ததைச் செய்க" என்று எவரேனும் அறிவித்தல் வேண்டும். முற்காலத்தில் அதை அறிவித்தது மேஸ்திரியின் குரல். ஆபீஸிலோ சேவகன் கையில் சென்ற கோப்பு. இக்காலத்தில் பற்பல இடங்களில் அதைக் கணிப்பொறியே செய்து விடுகின்றது. படி ஒன்று மாறிய அளவில், எவரும் ஏவாமலே, கடிதம் செல்கின்றது, ரசீது உண்டாகின்றது, கணக்கு ஏறுகின்றது. அங்ஙனம் ஒரு வேலையைத் தட்டி எழுப்பும் ஏற்பாட்டை விசை என்று பெயரிட்டு வழங்குவோம். விசையை எந்தப் படியில், எந்தக் கணத்தில் வைத்தல் தகும் என்பதே யாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இது கணிப்பொறி பயிலும் மாணாக்கர்க்கு மட்டும் உரிய பொருள் அன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்பது எம் விடை. நிரல் எழுத அறியாதவரும் இன்று இத்தகைய ஏற்பாடுகளைத் தாமே அமைத்துக்கொள்ள இயலுகின்றது. அவற்றை அமைக்காதவரும் அவற்றால் ஆளப்படுகின்றனர். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த மாணவர் எவரும் இதனை அறிவர். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமும், வருவாய் ஆய்வாளரிடமும், அதன்பின் வட்டாட்சியர் அலுவலகத்திலும் படிப்படியாகச் செல்கின்றது. அதன் செய்தி விண்ணப்பித்தவர் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றது. ஆதலின் இது நம் எல்லோர்க்கும் உரிய பொருளே.

இதன் இயல்பை விளங்கிக்கொள்ள, கணிப்பொறிக்குத் தொடர்பில்லாத ஓர் எடுத்துக்காட்டை முதலில் நோக்குவோம். எம் பக்கத்து மக்கள் யாவரும் அறிந்த வைகை அணையே அது. 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவ்வணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டியவுடன் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படுகின்றது. 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் விடுக்கப்படுகின்றன. அதன்பின்னரே உபரி நீர் ஆற்றில் திறக்கப்படும். இவ்வேற்பாட்டில் மூன்று நுட்பங்கள் உள. முதலாவது, எச்சரிக்கை அளவுகோலில் கண்ட நீர்மட்டத்தைப் பற்றி நிற்கின்றது. மேகமூட்டத்தையோ, மழை வரும் என்ற ஊகத்தையோ பற்றி அன்று. இரண்டாவது, சொல் முன்னும் செயல் பின்னுமாக அமைந்துள்ளது. ஆற்றில் இறங்கியிருப்பவன் கரையேறுதற்கும், மேய்கின்ற ஆட்டை ஓட்டிவருதற்கும் இடையே காலம் கிடைக்கின்றது. மூன்றாவது, எச்சரிக்கை விடுக்கவேண்டிய உயரத்தை எண் தீர்மானித்த போதிலும், மதகைத் திறக்கும் ஆணை பொறுப்புடைய பொறியாளரிடமே நிற்கின்றது. விசையைப் பற்றி யாம் கூறப்போகும் யாவும் இம்மூன்றனுள் அடங்கும்.

இனி, கணிப்பொறியில் இது நடைபெறும் விதத்தைக் காண்போம். நிரலை வரிவரியாக எழுதாமல், திரையில் கட்டங்களை வைத்துக் கோடுகளால் இணைத்து மென்பொருள் ஆக்கும் முறைக்கு லோ-கோட் என்று பெயர். ஃபாரெஸ்டர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் இச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தது. எனினும் பெயர் பிறப்பதற்கு முன்னரே பொருள் பிறந்துவிட்டது. சென்னையில் வளர்ந்து, 2011-ஆம் ஆண்டில் தென்காசிக்கு அருகேயுள்ள மத்தளம்பாறையிலும் அலுவலகம் கண்ட ஜோஹோ நிறுவனம், கிரியேட்டர் என்னும் இத்தகைய கருவியை 2006-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. பின்னர் அந்நிறுவனத்தார் புளூபிரிண்ட் என்னும் ஏற்பாட்டை அமைத்தனர். அதில் ஒரு தொழிலின் நிலைகள் கட்டங்களாகவும், நிலைவிட்டு நிலை செல்லும் வழிகள் கோடுகளாகவும் வரையப்படும். ஒவ்வொரு கோட்டிற்கும் மூன்று பகுதிகள் உண்டு. அவ்வழியே செல்ல உரிமையுடையவர் யாவர், எந்நிபந்தனையின் கீழ் என்பது "முன்" என்னும் பகுதி. செல்லும்போது அவர் நிரப்பியே தீரவேண்டிய விவரங்கள் யாவை என்பது "போது" என்னும் பகுதி. சென்று முடிந்தவுடன் தானே நிகழவேண்டியவை யாவை என்பது "பின்" என்னும் பகுதி. விசை வீற்றிருக்குமிடம் இப்"பின்" என்னும் பகுதியே.

மைக்ரோஸாப்ட் நிறுவனத்தாரும் பிஸினஸ் பிராஸஸ் ஃப்ளோ என்ற பெயரால் இதனையொத்த ஏற்பாடு ஒன்றை வழங்குகின்றனர். திரையின் மேற்புறத்தில் படிகள் வரிசையாகத் தோன்றும்; கட்டாயமான விவரங்களை நிரப்பாதவரை அடுத்த படிக்குச் செல்ல இயலாது. அதில் ஒரு வேலையைத் தூண்டும் தருணங்கள் பலவகை. படிக்குள் நுழையும்போது தூண்டலாம். படியை விட்டு நீங்கும்போது தூண்டலாம். தொழில் முழுவதும் நிறைவேறியபோதும், இடையே கைவிடப்பட்டபோதும், கைவிட்டதை மீண்டும் எடுத்துக்கொண்டபோதும் தூண்டலாம். இவற்றுள் நுழைவுக்கும் நீக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறிது என்று எண்ணுவோர் பலர். திரையில் அது ஒரு சொல்லின் வேறுபாடே. வாழ்க்கையிலோ அதனளவு பெரிதாதல் கூடும். அதனை யாம் தேவாரத்தில் கண்டோம்.

தேவாரம் என்றவுடன் மூவர் அருளிய திருமுறையே பலர்க்கு நினைவு வரும். யாம் கூறுவது கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் வட்டத்தில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள எம் ஊரை. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இதற்கு அண்மையிலுள்ளது. மலைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள். எம் பக்கத்து ஊர்களில் அத்தோட்டங்களால் வாழ்வோர் மிகப் பலர். சிலர் அங்கே சிறு நிலம் உடையவர். பலர் நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்பு ஏறிக் கூலி வேலைக்குச் செல்பவர். மலையில் பறித்த பச்சைக் காயை உலர்த்தினால் ஏறக்குறைய ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோவே தேறும். ஆதலின் உலர்ந்த காய் ஒவ்வொன்றும் அதனை விளைத்தவனுக்கு அரும்பொருள்.

எம் தாய்மாமன் தேவாரத்தில் சிறிய அளவில் ஏலக்காய் வாணிகம் நடத்துகின்றார். விவசாயிகள் கொணரும் உலர்ந்த காயை வாங்கி, தரம் பிரித்து, போடிநாயக்கனூருக்கு அனுப்புவது அவர் தொழில். அவ்வூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் உளது. முன்னாளில் கைவிரலாலும் குரலாலும் கேட்ட விலையை இந்நாளில் வியாபாரிகள் கணிப்பொறியின் முன் அமர்ந்து கேட்கின்றனர். காலத்தோடு ஒட்டி, மாமாவும் தம் கிட்டங்கியின் கணக்கை லோ-கோட் மென்பொருள் ஒன்றில் ஏற்றினார். வெளியூர் நிறுவனம் ஒன்று அதனை அமைத்துக் கொடுத்தது. சரக்கின் வரவு, மாதிரிச் சோதனை, தரம் பிரித்தல், விலை தீர்த்தல், பணம் பட்டுவாடா என ஐந்து படிகள். சரக்கு ஒவ்வொரு படியாக நகரும். அதற்குரிய செய்தி விவசாயியின் கைப்பேசிக்குத் தானே செல்லும்.

இதனால் விளைந்த நன்மையை யாம் மறைக்கலாகாது. முன்பெல்லாம் சீட்டு ஒன்றைப் பெறுவதற்காகவே மலையிலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து இறங்கி வந்தவர் உண்டு. இருட்டிய பின் எழுதிய சீட்டில் எண் மாறியதால் எழுந்த சச்சரவும் உண்டு. செய்தி கைப்பேசிக்கே வரத் தொடங்கியபின் இவ்விரண்டும் ஒழிந்தன.

ஆயினும் அமைத்தவர் செய்தியின் விசையைத் தரம் பிரித்தல் என்னும் படியின் நுழைவில் வைத்திருந்தனர். மூட்டையின் வாயிலிருந்து ஒரு கை காய் எடுத்து, அதன் நிறத்தையும் பருமனையும் பார்த்து, ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கின்றது என்று நிறுத்து முடிந்தவுடன், சரக்கு அடுத்த படிக்குள் புகும். புகுந்த கணத்திலேயே, மூட்டை முழுவதும் மாதிரியைப் போன்றதே என்று கொண்டு, மொத்தத் தொகை ஒன்றைக் கணித்து மென்பொருள் அனுப்பிவிடும். நற்செய்தியை விரைந்து தெரிவிக்கவேண்டும் என்பதே அமைத்தவர் கருத்து. சல்லடையில் ஏறாத காயை எவரும் முழுதும் அறியார் என்பது அவர்க்குத் தெரியாது.

ஒரு முறை மலையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் தம் சரக்கைக் கொணர்ந்து ஒப்புவித்துவிட்டுத் திரும்பினார். அன்று மாலையே அவருக்குச் செய்தி சென்றது. அத்தொகையை எண்ணி அவர் பெரிதும் மகிழ்ந்தார். ஏனெனில் அவர் மகள் கல்லூரியில் சேரும் தருணம் அது. கட்டணத்திற்குக் கடைசி நாள் நெருங்கியிருந்தது. வேறெங்கும் கடன் கேட்கவேண்டுவதில்லை என்று கருதி, உதவ முன்வந்த உறவினரிடமும் வேண்டாம் என்று கூறிவிட்டார். இரண்டு நாள் சென்றபின் சல்லடையிட்டுப் பார்க்கையில், மூட்டையின் அடியில் வெடித்த காயும் பிஞ்சும் சொறிக்காயும் மிகுதியாக இருந்தன. தொகை பெரிதும் குறைந்தது. விவசாயி கிட்டங்கிக்கு வந்து, கைப்பேசியை மாமாவின் முன் நீட்டி, ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். இருபது ஆண்டுப் பழக்கமும் அந்நிற்றலில் ஐயத்திற்கு உள்ளாயிற்று. மாமா அடுத்த பறிப்பின் பேரில் முன்பணம் கொடுத்து மாணவியின் கட்டணம் தவறாதபடி செய்தார். ஆயினும், "எழுதியனுப்பியது ஒன்று, கொடுப்பது ஒன்று" என்ற பேச்சு தேநீர்க் கடை வரையில் பரவிவிட்டது.

இங்கே பொய் சொன்னவர் எவர்? விவசாயி வஞ்சகர் அல்லர். மூட்டை கட்டியபோது கனத்த காய் மேலும் கீழுமாக நின்றது அவர் செயலன்று. மாமாவும் ஏமாற்றவில்லை. கருவி பழுதுபடவும் இல்லை, சொன்னபடியே செய்தது. உண்மை பிறப்பதற்கு முன்னரே அதனை உண்மை என்று அது பறைசாற்றியதே குறை. வைகையில் நீர் 66 அடி ஏறுமுன், மேகத்தைப் பார்த்தே சங்கு ஊதினால் எப்படியோ, அப்படி ஆயிற்று இது.

இதற்குப் பரிகாரம் கூறியவர், மென்பொருள் அமைத்தவர் அல்லர். கிட்டங்கியில் நெடுங்காலமாகத் தரம் பிரிக்கும் மூதாட்டியாரே. அன்று கூடத்தில் பேச்சு நடந்துகொண்டிருக்க, அவர் முறத்தைக் கீழே வைக்காமலே எம் மாமன் மகனை நோக்கி, "தம்பி, சல்லடை இன்னும் ஓயவில்லையே, அதற்குள் சீட்டு எப்படிப் போயிற்று?" என்று வினவினார். "மாதிரி பார்த்ததும் போய்விடும், பெரியம்மா" என்றார் அவர். "மாதிரி பார்த்தவர் எடை போடுவதில்லை, எடை போடுகிறவள் நான். நான் முடிந்தது என்று சொன்ன பிறகு போகட்டும்" என்றார் மூதாட்டியார். பல நூல்கள் விரித்துக் கூறும் நெறியை அவர் இரண்டு வாக்கியங்களில் கூறிவிட்டார் என்றே யாம் கருதினோம்.

அவர் சொன்னபடியே மாற்றம் செய்யப்பட்டது. செய்தியின் விசை தரம் பிரித்தலின் நுழைவிலிருந்து அதன் நீக்கத்திற்கு மாறியது. அப்படியை விட்டு நீங்கும் உரிமை மூதாட்டியாருக்கே உரியதாயிற்று. ஒவ்வொரு தரத்தின் எடையையும் கழிவின் எடையையும் தனித்தனியே பதிந்து, அவற்றின் கூட்டுத்தொகை வரவு எடையோடு ஒத்த பின்னரே "முடிந்தது" என்னும் பொத்தான் அவருக்கு இணங்கும். அதன்பின் செல்லும் செய்தியிலும் தொகை இல்லை. எந்தத் தரத்தில் எத்தனை கிலோ என்பது மட்டுமே உளது. விலை தீர்ந்தபின் விலையைக் கூறும் செய்தி வேறாகச் செல்லும். ஒவ்வொரு படியிலும் அப்படியில் உறுதியானதை மட்டுமே சொல்லுக என்பது இதன் சாரம். செய்தி இரண்டு நாள் தாழ்ந்து வருகின்றது என்பது மெய்யே. ஆயின் வந்த செய்தியை நம்பி ஒருவன் தன் மகளின் படிப்பிற்கு வழி செய்யலாம். ஐயம் உண்டாயின், பிரித்த காய் கூடத்தில் கிடக்கும்போதே வந்து பார்க்கவும் செய்யலாம்.

இதனோடு தொடர்ந்து வேறு சில நுட்பங்களும் புலப்பட்டன. அவற்றையும் சுருக்கிக் கூறுவோம்.

சரக்கு சில வேளைகளில் முன் படிக்குத் திரும்புவதுண்டு. விலை பேசும்போது எடையில் ஐயம் எழுந்து, மீண்டும் நிறுக்க நேரும். அப்போது படியை விட்டு இரண்டாம் முறை நீங்குகையில் விசையும் இரண்டாம் முறை எழும். ஒரே சரக்கிற்கு இரண்டு சீட்டுகள் உண்டாகும். சீட்டு இரண்டானால் குழப்பம். பணச்சீட்டு இரண்டானால் நஷ்டம். ஆதலின் வேலையைத் தொடங்குமுன், "இது முன்னமே செய்யப்பட்டதோ?" என்று வினவும் நிபந்தனை விசையின் வாயிலில் இருத்தல் வேண்டும். கிட்டங்கியில் இப்போது இரண்டாம் சீட்டு, முன்னது செல்லாது என்ற குறிப்போடு செல்கின்றது.

விலை ஒவ்வாதெனில் சரக்கைத் திரும்ப எடுத்துச் செல்ல விவசாயிக்கு உரிமை உண்டு. அமைப்பவர் பெரும்பாலும் நிறைவேறும் வழியையே எண்ணுவர். கைவிடும் வழியை எண்ணார். ஆனால் கைவிட்ட சரக்குக்கும் ஒரு விசை வேண்டும். இன்னவர் மூட்டை இன்ன நாளில் திருப்பிக் கொடுக்கப்படவேண்டும் என்பதை எவருக்கேனும் அது நினைவூட்டவேண்டும். இல்லையேல் திரையில் மறைந்த மூட்டை கிட்டங்கியின் மூலையில் கிடந்து பூசணம் பிடிக்கும்.

மழைக்காலத்தில் மலையடிவாரத்தில் அலைத்தொடர்பு அறுந்துபோதல் இயல்பு. அனுப்பிய செய்தி சேராமற்போனால் கணிப்பொறி வருந்துவதில்லை, மனிதனே வருந்துவான். ஆகவே சேராத செய்திகளின் பட்டியலை மாலைதோறும் பார்க்க ஒருவர் வேண்டும். எம் மாமன் மகன் விளக்கு வைக்கும் நேரத்தில் அதனைப் பார்த்து, சேராதவர்க்குத் தொலைபேசியில் கூறுகின்றார்.

இறுதியாக, பணத்தைப் பற்றிய விதி. பட்டுவாடாப் படியில் சரக்கு புகுந்தவுடன் பணச்சீட்டைக் கணிப்பொறி தானே எழுதுகின்றது. பிடித்தம், முன்பணம் யாவும் கழித்துக் காட்டுகின்றது. ஆயின் பணத்தை அது அனுப்புவதில்லை. மாமா படித்துப் பார்த்து ஒப்பம் இட்ட பின்னரே பணம் செல்கின்றது. வேகமாகச் செய்யலாமே என்று இளைஞர் சிலர் கேட்டனர். வைகையின் மதகை எண்ணிப் பார்க்க என்பதே எம் விடை. சொன்ன சொல்லை மறு சொல்லால் திருத்தலாம். திறந்துவிட்ட நீரைத் திரும்ப அழைத்தல் எளிதன்று. திருத்தக்கூடியதை விசைக்கு விடுக. திருத்தற்கு அரியதைக் கைக்கு வைத்துக்கொள்க.

இங்ஙனம் கூறுவதால் யாம் இயந்திரத்தை இகழ்வதாக எவரும் எண்ணற்க. ஒரு நாளில் நூறு முறை செய்யவேண்டிய ஒரே வேலையை மனிதன் சலிப்பின்றிச் செய்தல் அரிது. சலிப்பினால் பிழை நேரும். அவ்வேலையைச் சலியாத கருவியிடம் ஒப்புவித்துவிட்டு, ஆராய்ந்து தீர்க்கவேண்டியவற்றில் மனத்தைச் செலுத்துதல் அறிவுடைமையே. தரம் பிரிக்கும் மூதாட்டியார்க்கு இப்போது சீட்டு எழுதும் வேலை இல்லை. அந்நேரமும் சேர்த்துக் காயையே பார்க்கின்றேன் என்று அவர் எம்மிடம் கூறினார்.

நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் வெளிச்செல்லும் மாணவ மாணவியருள் பலர், வங்கியிலும் மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் இத்தகைய படிகளை வரையும் இடத்தில் அமர்வர். நிரல் கல்லாதவர்க்கும் அப்பணி வந்து சேரும். ஏனெனில் லோ-கோட் அவர்களுக்கெனவே ஆக்கப்பட்டது. அந்நாளில் கட்டங்களை விரைந்து இணைக்கும் திறம் மட்டும் போதாது. ஒரு விசையை வைக்குமுன், இக்கணத்தில் எது உண்மையாயிற்று என்றும், அதனை அறிந்தவர் யார் என்றும், இச்செய்தியை நம்பி அப்புறத்தில் ஒருவர் என்ன செய்யப்போகின்றார் என்றும் வினவுதல் வேண்டும். இம்மூன்றாம் வினாவிற்கு விடை திரையில் கிடைப்பதில்லை. முறம் பிடித்தவரிடமும், மூட்டை சுமந்தவரிடமும், மலையினின்று இறங்கி வந்தவரிடமும் கேட்டே அறியவேண்டும். அங்ஙனம் கேட்கக் கற்றவர் கையில் இக்கருவிகள் பெரும் பயன் விளைக்கும் என்பது எமது துணிபு.